ஆறாம் வகுப்பில் கட்டிய டை

எங்கள் வீட்டு முன்னறையில் டிவிக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் எனக்குப் பத்து வயது. வெள்ளைச் சட்டை, கருநீல ஸ்கர்ட், கழுத்தில் மஞ்சள் கோடு போட்ட டை. ஊரையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி முகத்தில் ஒரு திமிர். பக்கத்தில் அப்பா நிற்கிறார். ஸ்டூடியோக்காரர் எவ்வளவோ சொல்லியும் சிரிக்காமல், சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, விறைப்பாக. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு காலத்தில் இதைப் பார்த்துவிட்டு, "அப்பவே டாக்டர் களை இருக்குது பாரு" என்பார்கள். இப்போது யாரும் சொல்வதில்லை. நானும் டிவி பார்க்கும்போது கண்ணை அதற்கு மேலே தூக்குவதில்லை.

அந்த டையைக் கேட்டு அடம்பிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறை அது. அதற்கு முந்தைய வருடம் முழுக்க எங்கள் தெருமுனைக்கு இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன் ஒன்று வரும். அதில் ஏறும் பெண் ஒருத்தி தினமும் டையைச் சரிசெய்தபடி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவள் சாதாரணமாகத்தான் பார்த்திருப்பாள், எனக்குத்தான் அது பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பள்ளி இல்லை, டை. டையை மட்டும் தனியாக வாங்கித் தந்திருந்தால்கூட அடங்கியிருப்பேனோ என்னவோ. அது யாருக்கும் தோன்றவில்லை. நான் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் நிஜமாகவே சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் மூன்று இட்லி தின்றுவிட்டு வந்து, சாப்பிடாத முகத்தோடு படுத்துக்கொண்டேன்.

"டை கட்டுனாத்தான் அறிவு வருமா? கெவுருமெண்டு ஸ்கூலுல படிச்சவங்கல்லாம் மாடா மேய்க்கிறாங்க?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு செராமிக் கம்பெனியில் அச்சு வேலை. தண்ணீரும் களிமண்ணும் கலந்த கரைசலை அச்சில் ஊற்றி, அது இறுகியதும் உடையாமல் பிரித்தெடுக்க வேண்டும். பொம்மை, ஊதுவத்தி ஸ்டாண்டு, ஃபியூஸ் கட்டை என்று எந்த ஆர்டர் வருகிறதோ அது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "வெள்ளைக்கார துரை வந்துட்டாரு, தண்ணி எடுத்து வையி" என்று அம்மா கிண்டல் செய்வாள். அன்றைக்கும் அப்படித்தான் வெள்ளையாக வந்து நின்று, படுத்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என்னை அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அலுவலகத்தில் தந்த விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, கையெழுத்துப் போட்டார். அவர் இவ்வளவு கவனமாகக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு வருடம் அந்தப் பள்ளியில் படித்தேன். இங்கிலீஷ் ஒன்றும் பெரிதாக வரவில்லை. டை கட்டத் தெரிந்தது. அடுத்த வருடம் அப்பாவின் கம்பெனியில் சில மாதங்கள் சூளை எரியவில்லை, சம்பளமும் இல்லை, அதனால் ஏழாம் வகுப்புக்கு அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். அழவில்லை. அதற்குள் எனக்கு டை அலுத்துப்போயிருந்தது. அப்பாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. என்னைப் பழையபடி அரசுப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது, தான் எதிலோ தோற்றுவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரேம் போட்டு மாட்டியது அந்த வருடம்தான்.

பெண்கள் பள்ளியில் நான் நன்றாகப் படித்தேன். தற்பெருமை இல்லை, நன்றாகவே படித்தேன். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்த டீச்சர், என்னையும் இன்னும் நான்கு பேரையும் பிடித்துச் சனிக்கிழமை நீட் வகுப்பில் உட்கார வைத்தார். அதற்குள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு வந்துவிட்டிருந்தது. பக்கத்து ஊர்களில் கூலிவேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் கிடைத்திருந்தது. "பொதுப் போட்டியில எடுக்கிற மார்க்கு ஒங்களுக்கு வேணாம்டி. அதுல பக்கத்துல வந்தாப் போதும், சீட்டு ஒங்களுது" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வார். மாதிரித் தேர்வுகளில் நான் பக்கத்தில் வந்தேன். இரண்டு முறை இன்னும் நெருங்கினேன்.

அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டில் என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். "டாக்டரம்மா, கால்ல முள்ளு குத்திடிச்சி, ஊசி போடுவீங்களா?" என்று காலை நீட்டுவார். டீக்கடையில் அவர் வாயைத் திறந்தாலே நீட்டுதானாம். கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் முட்டிவலிக்கு என்னிடம் மாத்திரை கேட்டு அனுப்பும் அளவுக்குப் போனது. எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளுக்குள் பிடித்தும் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு முடிந்த சமயம், ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவர்களின் பட்டியலை டீச்சர் தயார் செய்தார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை யார் யார் எந்தப் பள்ளி என்று எழுதித் தரச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. டீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, மற்ற நால்வரையும் போகச் சொன்னார்.

"ஆறாவது அங்கயா படிச்ச? அது பிரைவேட்டு ஸ்கூல் ஆச்சே."

"ஒரு வருஷந்தான் டீச்சர். ஏழாவதுலேருந்து இங்கதான்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் மொத்தமும் அரசுப் பள்ளியா இருக்கணும்மா. அதான் ரூலு. ஒரு வருஷம் வெளிய இருந்தாலும் வராது."

விளங்கவில்லை. ஒரு வருடம்தானே என்று மறுபடி சொன்னேன். ஐந்தாம் வகுப்புவரை, பிறகு ஏழிலிருந்து பன்னிரண்டுவரை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். டீச்சர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அப்போதுதான் விளங்கியது. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டாக்டர் படிப்பு இல்லை. அந்த மூன்று இட்லிதான் ஞாபகம் வந்தது.

"பொதுவுல போட்டி போடுறேன் டீச்சர்."

"போடலாம். ஆனா ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இப்ப நீ எடுக்கிற மார்க்கு அதுக்குப் பத்தாது. ரெண்டு வருஷம் வெளியூர்ல தங்கி, கோச்சிங்கே கதின்னு கெடக்கிற புள்ளைங்களோட போட்டி அது. அப்பாவ வரச் சொல்லு, நான் பேசுறேன்."

"வேணாம் டீச்சர். அப்பாவுக்குத் தெரிய வேணாம்." என் குரல் எனக்கே அதிகாரமாகக் கேட்டது. "தெரிஞ்சா அவராலதான்னு நெனச்சிக்குவாரு. ப்ளீஸ் டீச்சர்."

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சரி என்றார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் எனக்கு இதே யோசனைதான். எழுதினால் கிடைக்காது. எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். நல்ல மார்க் எடுத்துக் கிடைக்காமல் போனால் இன்னும் மோசம், ஏன் கிடைக்கவில்லை என்று ஊரே நோண்டும். யோசித்துப் பார்த்ததில், எழுதாமல் இருப்பதுதான் நல்லது என்று பட்டது. என்மேல் பழி வந்தால் வரட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அப்பா, நான் நீட்டு எழுதல. எனக்கு ரத்தம் பாத்தா பயமா இருக்குது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்றன்."

அப்பா துணியைக் கீழே போட்டார். "ரத்தத்துக்குப் பயமா? கோழிய அறுத்துக் கழுவுற பொண்ணு நீ. என்னா கத வுடுற?"

"எனக்குப் புடிக்கலப்பா, அவ்வளோதான்."

"பத்து வயசுல அடம் புடிச்ச. இப்பவும் அடமா?" என்று கத்தினார். என் வாழ்க்கையில் அப்பா என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் வாயிலிருந்து அந்தப் பத்து வயது வந்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "வேணாங்கிறாளே, வுட்டுடுங்களேன்" என்று அம்மா சமாதானம் செய்வது கேட்டது.

மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மதியம், வேலை நேரத்தில், அப்பா வெள்ளைத் தலையோடு வீட்டுக்கு வந்தார். நான் அன்று பள்ளிக்குப் போகவில்லை. கைகால் கழுவாமலே என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, எழுதிடு. கெடைக்குது, கெடைக்காம போவுது. அது வேற. எழுதாமலே வுட்டுட்டோமேன்னு ஒனக்குக் காலத்துக்கும் இருக்கக் கூடாது."

குரல் கெஞ்சலாக இருந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷன் விடமாட்டேன் என்கிறாரே, இன்னும் கனவு கண்டுகொண்டிருக்கிறாரே, நான் எத்தனை நாளைக்கு நடிப்பது என்றெல்லாம் மனசுக்குள் திட்டினேன். வெளியே, "சரிப்பா" என்றேன். அந்தக் கெஞ்சலுக்குமுன் வேறு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவே இல்லை. அதை நான் கவனித்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

விண்ணப்பம் போட்டேன். பொதுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் முழுக்க உட்கார்ந்து படித்தேன். வேடிக்கை என்னவென்றால், கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் படிப்பு நன்றாக ஓடியது. பயம் இல்லை, அவசரம் இல்லை. இருதயத்தில் எந்த அறையிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று படிக்கும்போது, பரீட்சைக்கு இல்லாமல் அதற்காகவே படிப்பதுபோல் இருந்தது. சில சமயம் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். இந்தப் படிப்பு எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெயிலில் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு அப்பா வண்டியில் வந்து, நான் சாப்பிட்டேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தான் சாப்பிட நேரமில்லாமல் திரும்பி ஓடுவார்.

தேர்வு கடலூரில். அப்பா லீவு போட்டிருந்தார். பஸ் நெய்வேலி, வடலூர் தாண்டிப் போகும்வரை நான் குறிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நகை போட்டு வரக் கூடாது என்று ஹால் டிக்கெட்டில் இருந்தது. வளையலையும் கொலுசையும் வீட்டிலேயே கழற்றிவிட்டேன். தோடும் நகைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை, காது குத்திய நாளிலிருந்து அது காதோடேயே கிடந்தது. கேட்டில் நிறுத்திவிட்டார்கள். திருகாணி இறுகிப்போய் அசையவில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மா பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா என் காது மடலில் எண்ணெயைத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அச்சிலிருந்து பொம்மையைப் பிரிக்கும் அதே நிதானத்தில் மெல்ல மெல்லத் திருகினார். களிமண்ணில் ஊறிக் காய்த்துப்போன விரல்கள் அவை. ஆனால் கொஞ்சமும் வலிக்கவில்லை. இரண்டு தோட்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "போயிட்டு வா பாப்பா" என்றார்.

உள்ளே போய் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

சாயங்காலம் வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிறைய அப்பா அம்மாக்கள். ஒவ்வொருவரும் பிள்ளையைப் பார்த்ததும் ஓடிவந்து, பிசிக்ஸ் எப்படி, எத்தனை விட்டாய் என்று பிடித்துக்கொண்டார்கள். என் அப்பா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கைக்குட்டை முடிச்சு அவர் உள்ளங்கைக்குள் நசுங்கியிருந்தது. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் முடிவு வந்தது. போனில் பார்த்தேன். டீச்சர் சொன்ன பொதுப் போட்டி மார்க்குக்கு நான் கீழே. ஒதுக்கீட்டுக்குத் தேவையானதற்கு மேலே, நன்றாகவே மேலே. சனிக்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைவிடக் குறைவு. கொஞ்ச நாளில் அவளுக்கு இடம் கிடைத்தது. பள்ளி வாசலில் அவள் படத்தோடு பேனர் வைத்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்து வாழ்த்தினேன். மனசார வாழ்த்தினேன் என்று எழுதத்தான் ஆசை. வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

அப்பா என் மார்க்கைக் கேட்கவே இல்லை. காலாண்டுத் தேர்வு மார்க்கைக்கூட டீக்கடையில் ஒப்பிக்கிறவர், இதைக் கேட்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். முதலில் நிம்மதியாக இருந்தது. பத்து நாள் போன பிறகு எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

கலைக் கல்லூரியில் சேர நன்னடத்தைச் சான்று வாங்கப் பள்ளிக்குப் போனபோது, டீச்சரிடம் இதைச் சொன்னேன். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனிமே மறைக்க என்னா இருக்குது? ஒங்கப்பா ஜனவரியிலயே வந்தாரும்மா. நீ எழுத மாட்டேங்கிறன்னு, என்னைய புத்தி சொல்லச் சொல்லிக் கேக்க வந்தாரு. அவருக்கு யாரோ ரூலச் சொல்லியிருக்காங்க, பாதி தெரிஞ்சிக்கிட்டுத்தான் வந்தாரு. நேராக் கேட்டாரு. என்னால பொய் சொல்ல முடியல."

டீச்சர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஒரு வருஷத்த எடுத்துட முடியாதா டீச்சர்னு கேட்டாரு. புள்ளைக்கு மஞ்சக் காமாலை, வூட்டுலயே இருந்திச்சின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்னாரு. முடியாதுன்னதும் எழுந்து நின்னு, புள்ளைக்கு நான் தெரிஞ்சிக்கிட்டது தெரிய வேணாம், அது மனசு ஒடஞ்சிடும்னாரு. நீயும் அதையேதான் சொல்லிட்டுப் போன. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல என்னாத்த செய்ய?"

அந்த மதியம் வெள்ளைத் தலையோடு வந்து தரையில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு டீச்சரைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதச் சொல்லியிருக்கிறார். கடலூர் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். நானோ அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்த ஸ்கூலு, டை எல்லாம் நாந்தான கேட்டேன். சாப்புட மாட்டேன்னு படுத்தேன். அன்னிக்கு பக்கத்து வூட்டுல இட்லி தின்னேன்பா."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. டீச்சர் சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டார். போட்டோ இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"பத்து வயசுப் புள்ள எதத்தான் கேக்காது? வேன கேக்கும், ரயில கேக்கும். கையெழுத்துப் போட்டவன் நானு."

அவர் குனிந்தபடியே, முதல் தடவையாகக் கேட்டார்.

"எவ்வளோ எடுத்த?"

எத்தனையோ நாள் நான் எதிர்பார்த்த கேள்வி. சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. வேறு யாரிடம் சொல்வேன்? எனக்கிருந்த பெருமை அந்த ஒரு எண்தான். ஆனால் அந்த எண்ணைச் சொன்னால், தன்னுடைய ஒரு கையெழுத்து எதைக் கொண்டுபோனது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

நூறு மார்க்கைக் குறைத்துச் சொன்னேன்.

"அந்த ஒதுக்கீடு இருந்திருந்தா?" என்றார்.

"இருந்தாலும் கெடச்சிருக்காதுப்பா. இந்த மார்க்குக்கு எதுலயும் கெடைக்காது."

அப்பா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான். நான் சரியா படிக்கல."

அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். கொஞ்ச நாளாகவே அவர் இரண்டாம் முறை சோறு கேட்டதில்லை. போட்டேன். குழம்பும் ஊற்றினேன்.

இப்போது பி.எஸ்ஸி. கடைசி வருடம் படிக்கிறேன். என் நிஜ மார்க் டீச்சருக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார். அப்பா டீக்கடையில் பேப்பர் படிப்பாரே தவிர இப்படிப்பட்டதையெல்லாம் படிக்க மாட்டார், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் பழைய கம்பெனி ஆள் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னாப்பா, பொண்ண டாக்டருக்கு படிக்க வெக்கிறன்னு சொன்னியே, என்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"எழுதுனாப்பா. மார்க்குதான் பத்தல" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் குரல் அவ்வளவு லேசாக இருந்தது. அந்த ஆள் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க, பத்தல" என்றேன்.